பெயர் சொல்லாமல் போனவர்

சித்தப்பாவின் புகைப்படம் முதல் பரிசு வாங்கி நாற்பத்தொரு நாட்கள் ஆகியிருந்தன. அதில் நாற்பது நாட்கள் அவர் கால் தரையில் படவில்லை. நாற்பத்தோராம் நாள் மெத்தைக் கடைக்காரர் ஒருவர் அவரைக் கீழே இறக்கினார்.

முதலில் அந்தப் படத்தைச் சொல்லிவிடுகிறேன். சூரியன் இறங்கும் நேரம். தண்ணீர் முழுக்க மஞ்சள். நடுவே கருப்பாக ஒரு படகின் விளிம்பு. அந்த விளிம்பில் ஒரு பெண் முழங்காலை ஊன்றி, தண்ணீரிலிருந்து ஓர் ஆளைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிறார். ஆளின் தலை பின்னால் தொங்குகிறது. ஒரு கை மட்டும் வானத்தை நோக்கி விரிந்திருக்கிறது. படத்தின் பெயர் 'மூச்சு'. பரிசளிப்பு விழாவில் நடுவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்த விரல்களைப் பாருங்கள். யாராலும் நடிக்க முடியாத விரல்கள்" என்றார்.

சரிதான். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைக்குள் நான் மணல் அடைத்துச் செய்த விரல்கள் அவை. நடிக்கத் தெரியாது.

எங்கள் ஊர் முகத்துவாரத்தில் ஒரு மீட்புப் படகு உண்டு. சம்பளமில்லாத வேலை. தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்க ஏழெட்டுப் பேர் முறை வைத்துக் கொட்டகையில் காத்திருப்போம். படகை ஓட்டுகிறவர் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த பல் டாக்டருக்கும் அவர் அக்காதான். மற்ற நேரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார். கொட்டகையில் ஒரே ஒரு சட்டம்: தண்ணீரில் அக்கா சொன்னது நடக்கும், கரையில் எத்தனை கை தூக்குகிறதோ அது நடக்கும். தண்ணீரில் யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. கரையில் அவர் எதிலும் ஜெயித்ததுமில்லை.

சித்தப்பா லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். காலமெல்லாம் மற்றவர்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, தானும் ஒரு நாள் மேலே போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காக அவர் ஏறாத பொழுதுபோக்கு இல்லை. மீன் வளர்த்தார், அவற்றுக்குப் பெயர் வைத்து முடிப்பதற்குள் அவை முடிந்துவிட்டன. தொட்டியில் குள்ள மரம் வளர்த்தார். அது நன்றாக உயரமாக வளர்ந்தது. தொலைநோக்கி வாங்கி மொட்டை மாடியில் வைத்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போன பிறகு அது பெட்டிக்குள் போனது. கடைசியாகக் கேமரா.

"என்னங்க, எல்லாம் உங்களுக்குப் பொழுதுபோக்கு. துடைச்சு வைக்கிறது மட்டும் என் பொழுதா?" என்று சித்தி கேட்பாள்.

கேமராவின் வால் பிடித்து வந்ததுதான் படகு. மீட்புப் படகில் தொண்டராகச் சேர்ந்தால் பறவைகளைக் கிட்டப் போய் எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். உடனே சித்தப்பாவுக்கு மனித உயிர்களின் மேல் அக்கறை வந்துவிட்டது. கேமரா ஸ்டாண்டைத் தூக்க ஆள் வேண்டுமே, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் இயற்பியல் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த நேரம்.

"என்னம்மா படிச்சிருக்கே?" என்று அக்கா கேட்டார்.

நான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மூன்றாம் முறை சித்தப்பாவே கத்திச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. அப்போ மாப்பிள்ளையை நீ பாத்துக்கோ."

எனக்கு முகம் சூடேறிவிட்டது. அக்கா கொட்டகையின் மூலைக்குக் கூட்டிப்போய் ஒரு சாக்குத் துணிப் பொம்மையைக் காட்டினார். பயிற்சியில் தண்ணீரில் போட்டுத் தூக்குவதற்கான பொம்மை. தானாக ஒரு வேலையும் செய்யாது, உடுத்திவிட வேண்டும், நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், தூக்கினாலும் விறைப்பாகவே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

அப்போது மாப்பிள்ளை பஞ்சு அடைத்து வாத்து போல மிதந்துகொண்டிருந்தார். அதற்கு முன்னால் முழுக்க மணல் அடைத்தபோது அடியில் போய் உட்கார்ந்துவிட்டாராம்; நங்கூரம் போட்டு எடுத்திருக்கிறார்கள். என் படிப்புக்குக் கிடைத்த முதல் பொறுப்பு, அவருக்கு மனித உடம்பின் அடர்த்தியைக் கொண்டுவருவது. மணல், மூடிய காலி பாட்டில்கள், பழைய ரப்பர் ட்யூப் என்று மாற்றி மாற்றி அடைத்து, மூழ்கியும் மூழ்காமலும் கழுத்தளவு தத்தளிக்கிற மாதிரி கொண்டுவந்தேன். தலைக்குக் கம்பளிக் குல்லா. மேலே சித்தப்பாவின் பழைய சட்டை. "உயிரோட இருக்கிற மாப்பிள்ளைங்களைவிட இது பரவாயில்ல," என்றார் பல் டாக்டர். அவருக்கு இரண்டு மகள்கள்.

படம் எடுத்த அன்று ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. ஆளைத் தூக்குவதென்றால் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அக்குள் தையல் விட்டிருந்தது. அங்கே பிடித்தால் மணல் கொட்டும். அதனால் அக்கா காலரைப் பிடித்து இழுத்தார். சித்தப்பா கொக்கு எடுக்க வந்தவர். கொக்கு பறந்துவிட்ட எரிச்சலில் கேமராவை இந்தப் பக்கம் திருப்பினார்.

போட்டிக்கு அனுப்பும்போது படத்தின் கீழே ஒரு வரி எழுதினார்: 'காப்பாற்றப்பட்டவர் பெயர் சொல்லாமல் போய்விட்டார்.'

"சித்தப்பா, இது..." என்றேன்.

"ஏம்மா, பொய்யா? நீயே சொல்லு. பேரு சொன்னானா அவன்?"

பரிசு வந்தது. செய்தித்தாளில் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, ஆற்றைக் கடக்கும் பயணப் படகுகளை நடத்துகிற கம்பெனி, எங்கள் குழுவுக்கு ஒரு புது எஞ்சின் தருவதாகச் சொல்லி அனுப்பியது. கொட்டகையில் எல்லோரும் கூடினோம்.

"பொம்மையைத் தூக்கினதுக்கு எஞ்சினா? வேண்டாம். உண்மையைச் சொல்லிடுவோம்," என்றார் அக்கா.

"அக்கா, பழைய எஞ்சினை நம்பிப் போனா அடுத்த தடவை நம்மளைத் தூக்க இன்னொரு படகு வரணும்," என்றார் பல் டாக்டர். "நாம ஒண்ணும் பொய் சொல்லலையே. சும்மா இருக்கப்போறோம், அவ்வளவுதானே? சும்மா இருக்கிறதுக்கு நமக்குப் பயிற்சி வேற வேணுமா?"

ஓட்டுக்கு விட்டார்கள். படம் எடுத்தவர் தானாகச் சொல்லும்வரை குழுவில் வேறு யாரும் சொல்லக்கூடாது என்று முடிவு. அக்கா பக்கம் யார் என்று கேட்டபோது நான் காது உயரத்துக்குக் கை தூக்கினேன். தலை சொறிகிறேன் என்று நினைத்து எண்ணாமல் விட்டுவிட்டார்கள்.

"சரி. கரையில போட்ட ஓட்டு. கட்டுப்படுறேன்," என்றார் அக்கா. புது எஞ்சின் வந்தபோது எல்லோரும் அதனுடன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் கயிறு சுற்றப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் மெத்தைக் கடைக்காரர் வந்தார். நல்ல கனமான ஆசாமி. கொட்டகை வாசலில் நின்று செய்தித்தாளை விரித்துக் காட்டினார்.

"அந்தப் பேர் சொல்லாம போனவன் நான்தாங்க," என்றார். "பாலத்து ஓரத்துல கால் வழுக்கிட்டுது. நீங்க தூக்கி விட்டீங்க. வெட்கத்துல ஓடிட்டேன். இந்தப் படத்தை எடுத்த மகராசன் யாரு?"

கொட்டகையில் எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். சித்தப்பா ஒரு கணம் மூலையில் சாய்ந்திருந்த பொம்மையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போய்க் கடைக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார்.

வீடு திரும்பும் வழியில் அவரே சொன்னார். "ஒருவேளை வேற ஏதாவது படகு அவரைத் தூக்கியிருக்கும். பாவம், குழப்பத்துல இருக்கார். நாம ஏன் மனசை நோகடிக்கணும்?"

சித்திக்கு விஷயம் தெரிந்ததும் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பாத்திருக்கேன். இங்க பூசணிக்காயே எந்திரிச்சு வந்து, நான்தான் சோறுங்குது. இவர் அதைக் கட்டிப் பிடிச்சுட்டு வந்திருக்கார்!"

"உனக்குக் கலை புரியாது."

"கலை புரியாது. கடைக்காரன் புரியும். சும்மா வரமாட்டான், பாருங்க."

ஒரு வாரத்தில் மெத்தைக் கடை வாசலில் பெரிய பலகை வந்தது. பாதிப் பலகையில் 'மூச்சு'. மீதிப் பாதியில் சாய்ந்து படுத்திருக்கும் கடைக்காரர். கீழே: 'சாவைத் தொட்டுத் திரும்பியவர் சொல்கிறார், தூக்கம் என்றால் இதுதான்.' சித்தப்பா அந்தத் தெரு வழியாகப் போவதைக் கொஞ்ச நாள் நிறுத்தினார். பிறகு, தன் பெயரைப் படத்தின் ஓரத்தில் சின்னதாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு தடவை போனார். போடவில்லை. அது அவரை மிகவும் பாதித்தது.

அடுத்ததாகப் புகார் வந்தது. தன்னைத் தூக்கிய விதத்தில் தோள்பட்டை இடம் பெயர்ந்துவிட்டது, இனி மெத்தை தூக்க முடியாது, படகு ஓட்டிய பெண்ணின் மேல் நடவடிக்கை வேண்டும் என்று கடைக்காரர் துறைமுகக் குழுவிடம் போயிருந்தார். அவர் கடையில் மெத்தைகளை உத்தரம் வரை அடுக்கி வைத்து, அதன் மேல் ஏறி நின்று வியாபாரம் பேசுவார். தோள் எப்படிப் போயிருக்கும் என்று என்னிடம் ஒரு கருதுகோள் உண்டு. நிரூபிக்க வழியில்லை. அவரிடம் நிரூபணம் இருந்தது. படத்திலேயே அக்கா காலரைப் பிடித்துத்தான் இழுக்கிறார்.

விஷயம் ஊரெல்லாம் பரவியது. ஆளைக் கோணிப்பை மாதிரி இழுக்கிறவளா நம் குழந்தைகளை வேனில் கூட்டிப் போகிறாள் என்று பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். துறைமுகக் குழு முடிவு சொல்லும் வரை வேன் ஓட்ட வேண்டாம் என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. படகும் போனால் வேனும் போகும்; இரண்டும் இப்போது ஒரே கயிற்றில் தொங்கின. கயிற்றின் மறு நுனி சித்தப்பாவின் வாயில் இருந்தது.

அக்கா வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"சார், நான் சொல்லலாம். ஓட்டுக்குக் கட்டுப்பட்டவ. அதோட, நான் சொன்னா தப்பிக்கிறதுக்குச் சொல்றேன்னுவாங்க. எடுத்தவர் நீங்க. உங்க வாயால வரணும்."

"நிச்சயமா அக்கா. நேரம் பாத்துச் சொல்றேன்."

"என்ன நேரம் சார்?"

"தேசிய அளவுப் போட்டிக்கு அந்தப் படம் போயிருக்கு. முடிவு வந்துடட்டும். ஒரு மாசம்தான்."

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். என்னையும் பார்த்தார். "வரேன் சித்தி," என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் கூப்பிடுவதைக் கேட்டு, தன்னைவிட இளையவளை அவரும் சித்தி என்றே கூப்பிடுவார். சித்தி இரண்டு நாட்கள் சித்தப்பாவுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

"நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான் ஆகணும். நீங்க தொண்டர் வேஷம் போட்டீங்க. ஒரு தடவையாவது யாரையாவது காப்பாத்துங்களேன்."

"நான் விசாரணைக்குப் போறேன். பாத்துக்கறேன்," என்றார் சித்தப்பா. அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டார்.

விசாரணை துறைமுக அலுவலகத்து மாடியில். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. சுவரில் 'மூச்சு' படத்தைப் புரொஜெக்டரால் ஆள் உயரத்துக்கு விழவைத்திருந்தார்கள். அதுவரை எங்கும் அவ்வளவு பெரிதாக அதைக் காட்டியதில்லை. சித்தப்பா உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தார். அக்கா மூலை நாற்காலியில் இருந்தார்.

"ஓரமெல்லாம் வெளிறித் தெரியுது. விளக்கை அணைச்சா நல்லாருக்கும்," என்று சித்தப்பா என் காதில் சொன்னார்.

கடைக்காரர் கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டிருந்தார். நன்றாகப் பேசினார். "தண்ணி மூக்கு வழியா உள்ள போகுது சார். என் வாழ்க்கை மொத்தமும் கண்ணு முன்னாடி வந்துச்சு. கடை, குடோன், பஞ்சு, எல்லாம். அப்போ மேலேருந்து ஒரு கை. தெய்வம்னு நினைச்சேன். அடுத்த நிமிஷம் தோள் போச்சு." துறைமுகக் குழுவில் இருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துறைமுகக் குழுவின் தலைவர் அக்காவைக் கேட்டார். "இவரை நீங்க இப்படி இழுத்தீங்களா?"

"இவரை நான் தொட்டதே இல்லை."

"படத்துல இருக்கிறது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்போ நீங்க இழுக்கிறது யாரை?"

"எடுத்தவரைக் கேளுங்க சார்."

பல் டாக்டர் தன் காலணியின் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சித்தப்பா எழுந்தார். கனைத்துக்கொண்டார். ஒரு பெரிய கலைஞன் எழுந்திருப்பது போலத்தான் இருந்தது.

"சார், அது எதிர்வெளிச்சம். எதிர்வெளிச்சத்துல ஆளோட உருவம் மட்டும்தான் கிடைக்கும், அடையாளம் கிடைக்காது. அந்தப் படத்தோட பலமே அதுதான். நடுவர்கூட..."

"படத்தோட பலத்தைக் கேக்கலைங்க. அதுல இருக்கிறது இவரா, இல்லையா?"

"இவர்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும்... பாக்கிறவங்க மனசைப் பொறுத்தது சார்."

உட்கார்ந்துவிட்டார். நான் அவர் முழங்கையை இடித்தேன். "சித்தப்பா. சொல்லுங்க."

"இரும்மா. நிலைமை நம்ம கையிலதான் இருக்கு."

தலைவரும் மற்ற இருவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். பிறகு தலைவர் வருத்தமான குரலில் சொன்னார். படமே சாட்சி. காலரைப் பிடித்து ஆளைத் தூக்குவது விதிக்கு விரோதம். படகு ஓட்டும் அனுமதியை ரத்து செய்வதைத் தவிர வழி தெரியவில்லை.

அக்கா இடுப்பிலிருந்து படகுச் சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெகிழ்த்த வேண்டியிருந்தது. எழுந்து போய் மேசை மேல் வைத்தார். மரத்தில் சாவி பட்ட சத்தம் கேட்டது. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சித்தப்பா கீழே குனிந்து, கேமராப் பையின் வாரைச் சரிசெய்தார்.

அதோடு முடிந்திருக்கும். கடைக்காரருக்குத்தான் மனம் ஆறவில்லை. நன்றாகப் பேசுகிறவர்களின் தொல்லை அது, நிறுத்தத் தெரியாது.

"அந்தம்மா மேல மட்டும் நான் குத்தம் சொல்லமாட்டேன் சார்," என்றார். தொங்கவிட்டிருந்த கை என்பதை மறந்துவிட்டு அதையே சித்தப்பாவை நோக்கி நீட்டினார். "அவங்களாவது இழுத்தாங்க. இவர் என்ன பண்ணினாரு? நான் கையை நீட்டிக் கெஞ்சுறேன். ஒரு கை குடுத்தாரா? கேமராவைப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புன்னாரு சார்!"

கடைக்காரர் அன்று சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை. எப்படி ஊகித்தாரோ தெரியாது. சித்தப்பா அப்படித்தான் சொன்னார், அக்காவிடம், இரண்டு தடவை.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். கண்ணைத் துடைத்த அம்மாள் சித்தப்பாவைப் பார்த்த பார்வை, சாக்கடையில் எதையோ பார்ப்பது போல இருந்தது.

"அப்படிச் சொன்னீங்களா?" என்றார் தலைவர்.

"அது... ஃப்ரேமுக்காக..."

"சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். ஆனா..."

"ஒரு ஆள் உயிருக்குப் போராடுறான். நீங்க மூஞ்சியைத் திருப்பச் சொல்றீங்க." தலைவர் பேனாவை மூடினார். "உங்களுக்குப் பரிசு குடுத்தவங்களுக்கு நான் இதைத் தெரியப்படுத்தத்தான் போறேன். இந்தப் படத்தை இனிமே எவனும் சுவத்துல மாட்டமாட்டான். மனுஷத்தன்மைன்னு ஒண்ணு வேணும்யா."

சித்தப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சாவி மேசைக்கு வந்தபோது எங்கோ போயிருந்த குரல் இப்போது அறை கொள்ளாமல் வந்தது.

"மனுஷத்தன்மையா? யார்கிட்ட சார் காட்டச் சொல்றீங்க? அது மனுஷனே இல்ல. பொம்மை!"